தோளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஓட்டக்காரருக்குக் கால் வலித்தால் கோச் ‘இன்றைக்கு உட்கார்’ என்று சொல்லிவிடுவார். அவரும் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார். சக்கர நாற்காலியிலிருந்து விளையாடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. நேற்று மாலை பந்தெறிந்த அதே தோள்தான் இன்று விடிந்ததும் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறது, குளியலறை வரை தள்ளுகிறது, சட்டை மாட்டுகிறது, வாசல் மேட்டைத் தாண்டவைக்கிறது. கையால் சக்கரம் தள்ளுகிறவர் ஒரு நாளில் 2,000 முதல் 3,000 தடவை ரிம்மைப் பிடித்துத் தள்ளுகிறார் என்பது மறுவாழ்வு மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இதெல்லாம் பயிற்சிக்கு வெளியே.

அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஐஸ் கட்டிக்கும் மசாஜுக்கும் புரோட்டீன் பவுடருக்கும் ஓரத்தில் மட்டுமே இடம். பயிற்சி நடக்கும் இரண்டு மணி நேரத்தில் தசை களைக்கிறது. மீதி இருபத்திரண்டு மணி நேரத்தில் தோளிலிருந்து எவ்வளவு சுமையை இறக்கிவைக்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் அது தேறும். சோலூர் மாதிரி மலை ஊரில் இருந்துகொண்டு கூடைப்பந்தோ, குண்டெறிதலோ, சக்கர நாற்காலிப் பந்தயமோ பழகுகிறவருக்கு இது இரட்டிப்பு உண்மை. சமவெளியில் எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றினால் மூன்றாவது மாதம் தோள் வலிக்கும்.

உங்கள் உடல் எந்த வகை?

பயிற்சிக்குப் பின் உடல் தேறுவது பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டு அணிகளிலோ போலியோ பாதித்தவர்கள் நிறைய. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். அதற்கு முன் பிறந்த தலைமுறை இன்னும் மைதானத்தில்தான் இருக்கிறது. டோக்கியோ பாராலிம்பிக்கில் மேசைப்பந்தில் வெள்ளி வென்ற பாவினா படேல் போலியோவால் பாதிக்கப்பட்டவர். அதே டோக்கியோவில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அவனி லெகரா 2012-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். இந்திய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கிய மாதவி லதாவும் போலியோ பாதித்தவர்தான். சென்னையில் வாழும் அவர் நீச்சல் வழியாக விளையாட்டுக்கு வந்தார்.

போலியோ பாதித்தவரும் முதுகுத்தண்டு அடிபட்டவரும் ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், உடல் தேறும் விதம் வேறு. போலியோவில் உணர்ச்சி இருக்கும், வியர்வை வரும், ரத்த அழுத்தம் ஒழுங்காக இருக்கும். ஆனால் பிழைத்திருக்கும் நரம்புகள் ஆளுக்கு இரண்டு பங்கு வேலையைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கும். நல்ல தோள் என்று நீங்கள் நினைப்பதில்கூட ஒரு பகுதி அன்றே போயிருக்கலாம். நாற்பதைத் தாண்டிய போலியோக்காரருக்கு ‘வலித்தால்தான் வளரும்’ என்ற ஜிம் வசனம் ஆகாது. பயிற்சிக் களைப்பு மறுநாள் மாலையிலும் தீராவிட்டால் அது அளவு மீறிய பயிற்சி. அடுத்த தடவை கால்வாசியாவது குறைக்க வேண்டும்.

முதுகுத்தண்டு அடிபட்டவரின் சிக்கல் வேறு. அடி மார்பின் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே என்றால் இதயத் துடிப்பைக் கூட்டும் நரம்புக்கு உத்தரவு சரியாகப் போகாது. கழுத்தில் அடிபட்டவருக்கு எவ்வளவு முயன்றாலும் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 130-க்குள் நின்றுவிடும். கையில் கட்டும் வாட்ச் காட்டும் எண்ணை வைத்து இவருக்குப் பயிற்சி அளவு பார்ப்பது வீண். எவ்வளவு கடினமாக இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் தானே ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்வதுதான் நம்பத்தக்கது. அந்த மதிப்பெண் கீழே வரப்போகும் கணக்குக்கும் வேண்டும்.

மேடும் இறக்கமும்

ஊட்டிக்கு அப்பால், கிளன்மார்கனை ஒட்டிய சோலூரில் கேரட் வயலிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கும், தோட்டத்திலிருந்து கடைவீதிக்கும் சரிவில்லாத பாதை என்று ஒன்று இல்லை. அந்தச் சரிவு தோளுக்கு என்ன செய்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். வேகம் நொடிக்கு ஒரு மீட்டர், ஆற அமர நடக்கிறவரின் வேகம். நல்ல தார் ரோட்டில், சமதளத்தில், இதற்குச் சுமார் 8 வாட் சக்தி போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேட்டில், அதே வேகத்துக்கு 47 வாட் வேண்டும். ஏறத்தாழ ஆறு மடங்கு. கட்டட விதிகள் அனுமதிக்கும் பன்னிரண்டுக்கு ஒன்று சாய்தளத்தில் 73 வாட். மலைத்தெருவில் இதைவிடச் செங்குத்தான இடங்கள் ஏராளம். அதோடு ஊட்டி உயரத்தில், 2,240 மீட்டரில், காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு.

பால் வாங்கக் கடைக்குப் போய் வருவதே ஒரு பயிற்சி என்று இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பயிற்சிதான், ஆனால் திட்டமில்லாத பயிற்சி. மேட்டில் சக்கரம் பின்னால் உருண்டுவிடும் என்பதால் கையைத் தளர்த்திக் கீழே விட நேரம் கிடைக்காது. சின்னச் சின்னத் தள்ளலாக, வேக வேகமாக, உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளத்தான் முடியும். தோள் மூட்டு அதிகம் நசுங்குவது அந்த நிலையில்தான். இறக்கமும் சும்மா விடாது. ரிம்மை இறுக்கி இறுக்கி விட்டு வருவதில் முன்கையும் மணிக்கட்டும் ஓயாமல் இறுகி நிற்கின்றன, உள்ளங்கை சுடுகிறது. தோல் கையுறை இல்லாமல் மலையில் இறங்குவது வீரம் அல்ல.

எனவே மேடு ஏறுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்வதென்றால் அதற்கென நாள் குறித்து, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் மேட்டை மோட்டாரிடம் விடுங்கள். பக்கச் சக்கரம் பொருத்தி அரசு தரும் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதிலேயே மைதானம் வரை போகலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம், நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மின் வண்டியைச் செய்கிறது. அதே மையத்திலிருந்து 2025-ல் ஒன்பது கிலோ எடையுள்ள ஒய்டி ஒன் நாற்காலியும் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நாற்காலி அதைப்போல் இரண்டு மடங்கு கனக்கும். மேட்டில் ஒவ்வொரு கிலோவையும் உங்கள் தோள்தான் தூக்குகிறது.

கூட ஒருவர் இருந்தால் மேட்டில் தள்ளச் சொல்லுங்கள். ‘நான் யாரையும் எதிர்பார்ப்பதில்லை’ என்ற பிடிவாதம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் போட்டிக்கு முந்தைய வாரம் அந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டிவைக்கலாம்.

நாற்காலியைச் சரி செய்யுங்கள்

புது நாற்காலி வாங்கப் பணம் இல்லாவிட்டாலும் இருப்பதைத் திருத்தலாம். ரிம்மின் உச்சியில் கை வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டிருந்தால் உட்காரும் உயரம் அதிகம். மிகவும் மடங்கியிருந்தால் குறைவு. பின் சக்கரத்தின் அச்சை எவ்வளவு முன்னால் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்தால் ஒரே தள்ளலில் அதிக தூரம் போகும். ஆனால் மலையில் ஒரு எச்சரிக்கை: அச்சு முன்னால் வர வர, ஏற்றத்தில் நாற்காலி மல்லாந்து விழும் அபாயமும் கூடும். பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். சமதளத்தில் நீளமாக, நிதானமாக ஒரு தள்ளல். தள்ளி முடித்ததும் கையை ரிம்முக்குக் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே கொண்டுவாருங்கள். தள்ளும் எண்ணிக்கை குறையும், தோளுக்குக் கிடைக்கும் இடைவேளை கூடும்.

இடம் மாறி உட்காருவது தள்ளுவதைவிடக் கொடுமையானது. தாழ்ந்த இடத்திலிருந்து உயரமான இடத்துக்கு உடம்பை ஏற்றும்போதுதான் தோள் அதிகம் சிரமப்படுகிறது. மலையில் ஓடும் ஜீப்பின் சீட் உயரம் உங்களுக்குத் தெரியும். வண்டியைச் சாலையின் தாழ்ந்த பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, நீங்கள் மேட்டுப் பக்கத்தில் பிரேக் போட்டு, ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள ஏறினால் உயர வித்தியாசம் குறையும். சரிவு இங்கே உதவும் ஒரே இடம் இதுதான். எந்தக் கையால் முன்னே போகிறீர்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். உள்ளங்கையைத் தட்டையாக ஊன்றாமல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டு தப்பிக்கும்.

இன்னொன்றும் உண்டு. அழுத்தப்புண் வராமலிருக்க இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கச் சொல்லிப் பலருக்கும் பழக்கியிருப்பார்கள். அழுத்தத்தில் இருந்த தோலுக்கு ரத்தம் முழுதாகத் திரும்ப ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகிறது என்று பிறகு அளந்து பார்த்ததில் தெரியவந்தது. இரண்டு நிமிடம் யாரால் தூக்கிக்கொண்டு நிற்க முடியும்? அதனால் மேசை மீதோ முழங்கால் மீதோ முன்னால் கவிழ்ந்து இரண்டு நிமிடம் இருங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் சாயுங்கள். அரைமணிக்கு ஒருமுறை. தோளும் பிழைக்கும், தோலும் பிழைக்கும்.

தோள் கணக்கு

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி எத்தனை நிமிடம், அது பத்துக்கு எவ்வளவு கடினம், இரண்டையும் பெருக்குங்கள். விளையாட்டு உலகில் எல்லோரும் செய்வதுதான் இது. சக்கர நாற்காலி வீரர் அதோடு நிறுத்தக் கூடாது. பயிற்சிக்கு வெளியே தோள் செய்த வேலையையும் அதே முறையில் எழுத வேண்டும். ஓர் உதாரணம்: மாலைக் கூடைப்பந்துப் பயிற்சி 60 நிமிடம், கடினம் 6, ஆக 360. அன்றைக்கே ரேஷன் கடை, வங்கி, மேடு இறக்கம் எல்லாம் சேர்ந்து 90 நிமிடம், கடினம் 5, ஆக 450. பயிற்சியைவிட ரேஷன் கடை கனமாக இருந்த நாள் அது. கோச் கையில் இருக்கும் தாளில் 360 மட்டும்தான் இருக்கும். மறுநாள் நீங்கள் சோர்ந்து வரும்போது ‘ஏன் மந்தமா இருக்கே?’ என்று அவர் கேட்பதில் தப்பே இல்லை, அவருக்கு மற்ற 450 தெரியாது.

இரண்டையும் கூட்டிய எண்ணை வாரவாரம் பாருங்கள். திடீரென்று ஏறினால் அடுத்த வாரம் இறக்குங்கள். மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் குறைப்பது பல கோச்சுகளின் வழக்கம், நல்ல வழக்கம். ஒரே தசைக் கூட்டத்துக்கு இரண்டு வலுப் பயிற்சிகளுக்கு நடுவே 48 மணி நேரம் விடுங்கள். வாரத்தில் ஒரு நாள் தோளுக்கு ஞாயிற்றுக்கிழமை: பயிற்சி கிடையாது, மேடு கிடையாது, அலமாரி மேல்தட்டிலிருந்து பொருள் எடுப்பது கிடையாது. அந்த நாள் உண்மையான ஞாயிறாக இருக்க வேண்டியதில்லை. சந்தை நாளாகவோ விசேஷ நாளாகவோ மட்டும் இருக்கக் கூடாது.

வலியையும் அளக்கலாம். சக்கர நாற்காலிக்காரர்களின் தோள் வலிக்கென்றே 1995-ல் ஒரு கேள்விப் பட்டியல் வந்தது. பதினைந்து கேள்விகள்: படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது, சாய்தளம் ஏறும்போது, தலைக்கு மேல் பொருளை எடுக்கும்போது, சட்டை போடும்போது, முதுகு தேய்க்கும்போது, தூங்கும்போது எவ்வளவு வலிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் மதிப்பெண். பிசியோவிடம் கேட்டு வாங்கி மாதம் ஒருமுறை நிரப்புங்கள். ஆய்வுகளில் சக்கர நாற்காலிக்காரர்களில் மூவரில் ஒருவர் முதல் மூவரில் இருவர் வரை தோள் வலி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்க முடியாத அளவுக்கு இது பொதுவானது.

முதுகுப் பக்கம் இழுங்கள்

தள்ளுவதெல்லாம் மார்புத் தசையும் தோளின் முன்பக்கமும் செய்யும் வேலை. அவை பருத்துக்கொண்டே போக, தோள்பட்டை எலும்பைப் பின்னால் பிடித்து வைக்கும் தசைகள் மெலிந்துகொண்டே போகும். முன்பக்கம் இழுத்து இழுத்துத் தோள் கூன ஆரம்பிக்கும். மூட்டுக்குள் தசைநார் நசுங்கும் இடம் குறுகும். ஆகவே ஒரு தள்ளும் பயிற்சிக்கு இரண்டு இழுக்கும் பயிற்சி.

பின்னால் இழுப்பது பாராலிம்பிக் அளவுக்குப் பழையது. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, டாக்டர் லுட்விக் குட்மன் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை வளாகத்தில் 16 பேரை வைத்து ஒரு போட்டி நடத்தினார். பாராலிம்பிக் அங்கேதான் வேர்விட்டது. அவர் தேர்ந்த விளையாட்டு வில்வித்தை. நாணைப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் முதுகுத் தசைதான் உழைக்கிறது.

வில் இல்லாவிட்டால் ரப்பர் பட்டை போதும். ஜன்னல் கம்பியில் கட்டி, நாற்காலி பிரேக்கைப் போட்டு, இடுப்பு நிற்காதவர்கள் பெல்ட்டும் கட்டிக்கொண்டு, இரண்டு முழங்கையையும் பின்னால் இழுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்கும்போது ஒரு நொடி நில்லுங்கள். அடுத்தது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, நடுவில் ஒரு துண்டை மடித்து இடுக்கிக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புவது. ஒவ்வொன்றும் பத்து முதல் பதினைந்து தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். பன்னிரண்டு வாரம் வீட்டிலேயே இப்படிச் செய்தும், தள்ளும் முறையையும் இடம் மாறும் முறையையும் திருத்தியும் முதுகுத்தண்டு பாதித்தவர்களின் தோள் வலி நன்றாகக் குறைந்ததாக அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. இரவில் சுருட்டிய துண்டை முதுகுத்தண்டோடு நீளவாக்கில் போட்டு மல்லாந்து படுத்து, கைகளை விரித்து ஐந்து நிமிடம் கிடந்தால் மார்புப் பக்கம் இளகும்.

போட்டி முடிந்ததும் சட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருங்கள், மூச்சும் துடிப்பும் படிப்படியாக இறங்கட்டும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்பது பழைய நம்பிக்கை. அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். பிறகு வரும் வலி தசை நாரில் விழுந்த நுண்ணிய சேதத்தால். சில நாட்களில் தானே தணியும்.

அடுப்படி

செயலிழந்த தசை அதிகச் சக்தியைச் செலவிடாது. ஆகவே முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு மொத்தச் சாப்பாடு குறைவாகத்தான் வேண்டும், ஆனால் புரதத் தேவை குறைவதில்லை. சின்னத் தட்டில் நிறையப் புரதம் வைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சிரமம். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 120 கிராம். பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒருவேளைக்கு இருபது கிராமாவது சேர வேண்டும். மூன்று முட்டையில் 18 கிராம் கிடைக்கும். ஒரு டம்ளர் பாலில் ஆறேழு. அவரை, பட்டாணி போட்ட குழம்பும் ராகிக் களியும் இந்த மலையின் பழைய சாப்பாடு; அதோடு ஒரு முட்டையோ தயிரோ சேர்ந்தால் டப்பா பவுடருக்கு அவசியமே இல்லை. பவுடர்களில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்து சோதனையில் மாட்டியவர்கள் எல்லா விளையாட்டிலும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேளுங்கள். அன்றே மறுபடியும் விளையாட வேண்டுமானால் உருளைக்கிழங்கும் சோறும் தாராளமாக.

நீலகிரிக்காரரிடம் டீயைக் குறை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. உயரமான இடத்தில் ரத்தம் ஊற இரும்பு இன்னும் அவசியம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மஞ்சு மூடிய மாதங்களில் வெயிலே படாமல் ஹாலுக்குள் பழகுகிறவர்கள் வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் பற்றிய உண்மை கொஞ்சம் கசப்பானது. மைதானத்தில் நுழையக்கூடிய கழிவறை இல்லை, கதீட்டர் போட்டுக்கொள்ளச் சுத்தமான இடம் இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் விளையாட வருகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் படுத்தால் மூன்று வாரப் பயிற்சி போகும். கோச்சுகளும் மைதானப் பொறுப்பாளர்களும் இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்: பந்து வாங்குமுன் கழிவறைக் கதவை அகலமாக்குங்கள்.

குளிரும் சூடும்

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் உணர்ச்சியற்ற கால் எவ்வளவு ஜில்லிட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கவும் செய்யாது. கம்பளி சாக்ஸ் போட்டு, வெயில் ஏறியபின் பழகுங்கள். உடம்பு சூடேற வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, குளிருக்காகத் தேடும் சூடு. மலை வீட்டில் கணப்புச் சட்டியும் சுடுதண்ணீர்ப் பையும் ஹீட்டரும் எப்போதும் இருக்கும். வலிக்கு ஒத்தடம் கொடுக்கிறேன் என்று மடியில் வைத்த பை, மரத்த தொடையைக் கொப்பளிக்கவைத்துவிடும்; நீங்கள் அறியவே மாட்டீர்கள். 60 டிகிரி நீர் ஐந்தே நொடியில் தோலைப் பொசுக்கும். ஒத்தடத்தை உணர்ச்சியுள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள். குளிக்கும் நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். கணப்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளியே இருங்கள். இப்போது எல்லா ஜிம்மிலும் இருக்கும் அதிர்வு மசாஜ் துப்பாக்கியும் செயலிழந்த காலுக்கு வேண்டாம். அங்கே எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும், தோலும் எளிதில் காயப்படும்.

ஐஸ் தொட்டி பற்றிக் கேட்பீர்கள். வலுப் பயிற்சிக்குப் பின் வாடிக்கையாகக் குளிர்நீரில் மூழ்கினால் தசை வளர்ச்சியே மட்டுப்படுகிறது. மார்பின் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே அடிபட்டவருக்கு அது ஆபத்தும்கூட. உணர்ச்சியில்லாத பகுதியில் ஏற்படும் எந்த உறுத்தலும், நிரம்பிய சிறுநீர்ப்பை, இறுக்கிய பெல்ட், மலச்சிக்கல், கடும் குளிர் எதுவானாலும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்கு மீறி ஏற்றிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது இவை அடையாளம். அவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தம் 90, 100 என்றுதான் இருக்கும் என்பதால் 140 கூட நெருக்கடிதான். படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, கட்டுகளைத் தளர்த்தி, கதீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடத்தில் இறங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். வேண்டுமென்றே இந்த நிலையை உண்டாக்கிக்கொண்டு வேகமாக ஓட்டும் தந்திரம் ஒரு காலத்தில் வெளிநாட்டு மைதானங்களில் இருந்தது. உயிரைப் பணயம் வைக்கும் அதைச் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி 1994-லிருந்து தடை செய்திருக்கிறது.

மலையில் பழகியவர் மே மாதம் சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் போட்டிக்கு இறங்கும்போது கதை தலைகீழ். மூச்சு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு உடம்பின் பாதியில் வியர்வை வராது. சூடு உள்ளேயே தங்கும். இஸ்திரிக் கடையில் இருப்பது போன்ற தண்ணீர்த் தெளிப்பான் ஒன்றை எடுத்துப் போய், முகத்திலும் கையிலும் கழுத்திலும் அடித்துக்கொண்டே இருங்கள். வராத வியர்வைக்கு அதுதான் மாற்று. முடிந்தால் ஒரு வாரம் முன்பே இறங்கிப் பழகுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது

தூங்கும்போது தோள் வலித்து விழிப்பு வந்தால், கையைத் தூக்க முடியாமல் பலம் குறைந்தால், இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தால் தாமதிக்காதீர்கள். கடைசியில் சொன்னது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. ரிம் தள்ளுகிறவர்களுக்கு மிகவும் சகஜம். கடையில் கிடைக்கும் வலி மாத்திரையை நாள்கணக்கில் போட்டுப் பயிற்சியைத் தொடர்வது சிறுநீரகத்துக்குக் கேடு. முதலில் ஊட்டி அரசு மருத்துவமனை. முழு மதிப்பீடு வேண்டுமானால் வேலூர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் முயற்சியில் 1966-ல் உருவான சி.எம்.சி. மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இன்றும் நடக்கிறது. போகும்போது தோள் நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்; பத்து நிமிடம் கேள்வி கேட்டு அறிவதை அவர்கள் ஒரே பார்வையில் அறிவார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் போட்டி வாரத்துக்கான அட்டவணை போடப்போகிறோம். அதைப் புரட்டுமுன் ஒரு வாரம் முழுக்கத் தோள் கணக்கை எழுதி முடித்துவிடுங்கள். அந்த ஏழு நாள் எண்கள் இல்லாமல் அங்கே உள்ள கட்டங்களை நிரப்ப முடியாது.